பெயர் நிரப்பாத கணினி

புதிதாக வாங்கிய கையடக்கக் கணினியில் முதல்முறை லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய இரவு, திரையில் எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் ஓடின. ஏழு அங்குலத் திரை, அதன் கீழே இரண்டு கட்டைவிரலாலேயே தட்டிவிடக்கூடிய விசைப்பலகை. கணினியைப் புத்தகம் மாதிரி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு துவக்கச் செய்திகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடவுச்சொல்லை ஒற்றைக் கையால் தட்டி உள்ளே போனால், டெஸ்க்டாப்பும் அப்படியே படுத்துக் கிடந்தது. மவுஸை மேலே நகர்த்தினால் அம்புக்குறி வலப்பக்கம் போனது.

காரணம் ரொம்ப எளிது. இந்த அளவில், இவ்வளவு நெருக்கமான புள்ளிகளோடு, அகலவாக்கில் திரை கிடைப்பது அரிது. டேப்லெட்டுக்கும் ஃபோனுக்கும் லட்சக்கணக்கில் தயாராகும் திரைகள் எல்லாம் செங்குத்தானவை. சில ஆயிரம் கணினிகள் மட்டும் செய்யப்போகும் சிறு நிறுவனம் தனக்கென்று ஒரு திரையை வடிவமைக்கச் சொல்ல முடியாது. கிடைப்பதை வாங்கி, தொண்ணூறு பாகை திருப்பிப் பொருத்திவிடுகிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் திருப்பி வைத்திருக்கிறோம் என்பதை இயங்குதளத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பும் விண்டோஸில் அதைச் சொல்லிவைத்திருந்தார்கள். லினக்ஸுக்குச் சொல்ல ஆளில்லை.

சரி, நாமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கணினி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடம் ஒன்று பயாஸில், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளில், உண்டு. டிஎம்ஐ என்பார்கள். தயாரிப்பாளர் யார், மாடல் என்ன, உள்ளே இருக்கும் போர்டின் பெயர் என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைப் படித்துத்தான் 'ஓ, இது இன்ன கணினி, இதற்கு இன்ன தனிக்கவனம் வேண்டும்' என்று முடிவு செய்கிறது. டிஎம்ஐடிகோடு என்ற கட்டளையை ஓட்டினேன். தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்று வந்தது. தயாரிப்பவர் நிரப்பிக்கொள்ளவும் என்று பொருள். மாடல் இருந்த இடத்திலும் அதே வாசகம். போர்டு இருந்த இடத்திலும் அதே.

பயாஸ் எழுதித் தரும் நிறுவனம் ஒரு மாதிரிப் படிவத்தை அப்படித்தான் கொடுக்கும். போர்டு செய்பவர் அதில் தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு வந்த கணினியைச் செய்தவர்கள் எழுதவில்லை. மூடியின் மேல் நிறுவனத்தின் சின்னத்தை அழகாகப் பொறித்திருந்தார்கள். பெட்டி மேல் பெயர், சார்ஜர் மேல் பெயர். கணினிக்குள்ளே மட்டும் பெயர் இல்லை.

சிறு கையடக்கக் கணினி செய்பவர்களும் திறமூல இயங்குதளம் எழுதுபவர்களும் கைகோர்ப்பதாக அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அந்தக் கட்டத்தில் பெயரை எழுதினார்களா? பெட்டியில் லினக்ஸின் பென்குயின் படம் போடுவதும், விற்பனைப் பக்கத்தில் இரண்டு சின்னங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். நிறுவனம் அந்த மாடலையே மறந்துவிட்ட ஐந்தாவது வருடத்திலும், சாதாரணக் கெர்னல் ஒன்றை ஏற்றினால் அந்தக் கணினி நேராக எழுந்து நிற்கிறதா? கூட்டணி நடந்ததா இல்லையா என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில், திரைகளைக் கையாளும் டிஆர்எம் பகுதிக்குள், திரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்ற விதிவிலக்குகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. 2017இல் அதைத் தொடங்கியவர் ஹான்ஸ் டி கோயிட். அப்போது ரெட் ஹாட்டில் வேலை பார்த்த கெர்னல் டெவலப்பர். இன்டெலின் ஆட்டம் சிப் போட்ட மலிவான டேப்லெட்டுகளும் குட்டிக் கணினிகளும் லினக்ஸில் ஒழுங்காக ஓட வேண்டும் என்று வருடக்கணக்கில் உழைத்தவர். அந்தக் கோப்பின் மேலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த மலிவான கருவிகளில் டிஎம்ஐ தகவல் பெரும்பாலும் பொதுப்படையாக இருக்கிறது, அதனால் அதோடு திரையின் அளவையும் பயாஸ் தேதியையும் சேர்த்துப் பார்த்து அடையாளம் காண்கிறோம் என்கிறது அது.

அதற்குக் கீழே ஜிபிடி பாக்கெட்டுக்கான பதிவைப் பாருங்கள். 2017இல் இண்டிகோகோ தளத்தில் கூட்டுநிதி திரட்டி வந்த, ஜிபிடி நிறுவனத்தின் ஏழு அங்குலக் கணினி அது. ஆட்டம் எக்ஸ்7 சிப், 8 ஜிபி நினைவகம். டிஎம்ஐயில் பெரும்பாலும் 'டீஃபால்ட் ஸ்ட்ரிங்' என்றே இருந்ததால், அந்த வாசகங்களோடு சேர்த்து அதைக் கண்டுபிடிக்கக் கெர்னல் கையாளும் வழி இது: திரை 1200க்கு 1920 புள்ளிகளா? பயாஸ் தேதி 2017 மே 26, ஜூன் 28, ஜூலை 5, ஆகஸ்ட் 7 ஆகியவற்றில் ஒன்றா? ஆமாம் என்றால் இது ஜிபிடி பாக்கெட். பெயர் தெரியாத ஒருவரைப் பிறந்த தேதியையும் உயரத்தையும் வைத்து அடையாளம் சொல்வது போல. நாளைக்கு இன்னொரு தேதியோடு புதிய பயாஸ் வந்தால், யாராவது அந்தத் தேதியையும் பட்டியலில் சேர்க்கும்வரை திரை மறுபடி படுத்துக்கொள்ளும்.

அதே கோப்பில் கொஞ்சம் கீழே இறங்கினால் என் மனதுக்குப் பிடித்த இடம் வருகிறது. ஜிபிடி மைக்ரோபிசி என்ற கணினிக்கு இரண்டு பதிவுகள். ஆறு அங்குலத் திரையோடு 2019இல் வந்தது. ஈதர்நெட்டும் பழைய ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்டும் வைத்து, நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்தது. முதல் பதிவுக்கு மேல் 'பொதுப்படையான வாசகம், பயாஸ் தேதியையும் பார்க்கவும்' என்று குறிப்பு. இரண்டாவதற்கு மேல் 'பின்னால் வந்த பயாஸ், சரியான டிஎம்ஐ வாசகத்தோடு' என்று குறிப்பு. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் எங்கோ ஒருவர் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு பொறியாளர் பயாஸ் படிவத்தைத் திறந்து, தயாரிப்பாளர் கட்டத்தில் மூன்றெழுத்தையும் மாடல் கட்டத்தில் ஒரு சொல்லையும் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான் வேலை.

அதே மைக்ரோபிசிக்கு, உபுண்டு மாத்தே என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவை (கெர்னலோடு செயலிகளையும் சேர்த்துத் தரும் தொகுப்பை) உருவாக்கும் குழு 2019 அக்டோபரில் 19.10 பதிப்பை வெளியிட்டபோது தனி இமேஜ் ஒன்றை, அதாவது நேரே ஏற்றத் தயாரான கோப்பைத் தந்தது. அதற்கு முந்தைய வருடம் பாக்கெட்டுக்கும் பாக்கெட் 2க்கும் அதே மாதிரி தந்திருந்தார்கள். அந்தக் குழுவை வழிநடத்தியவர் மார்டின் விம்ப்ரஸ். தனி இமேஜில் என்ன இருக்கும் என்று கேட்டால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. திரையைத் திருப்புவது, தொடுதிரையின் அச்சையும் அதோடு சேர்த்துத் திருப்புவது, இவ்வளவு சின்னத் திரையில் எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி அளவைக் கூட்டுவது, மவுஸுக்குப் பதில் இருக்கும் குட்டிக் கட்டையை வைத்து உருட்ட வழி செய்வது. ஒவ்வொன்றும் சில வரி அமைப்புதான். ஆனால் அந்தச் சில வரிகளை எழுத, கணினி கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு நூறு முறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விசிறியின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிபிடி பாக்கெட்டில் ஒரு குட்டி விசிறி உண்டு. அதை ஓட்டுவது, மென்பொருளால் போடவும் அணைக்கவும் கூடிய இரண்டே இரண்டு ஜிபிஐஓ கம்பிகள். இரண்டும் அணைந்திருந்தால் நிற்கும். ஒன்று, மற்றது, இரண்டும் என்று மூன்று வேகம். எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்பதை இயங்குதளம்தான் முடிவு செய்தாக வேண்டும். லினக்ஸில் அதற்கென்றே ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதப்பட்டது. 55 பாகை செல்சியஸில் முதல் வேகம், 60இல் இரண்டாவது, 65இல் மூன்றாவது. அதுவும் ஹான்ஸ் டி கோயிட் எழுதியதே. அந்த டிரைவர் எல்லாருக்கும் பொதுவான கெர்னலுக்குள் போய்விட்டதால், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் விசிறி சுற்றுகிறது. தனி இமேஜ் தயாரித்தவர் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டாலும் சுற்றும்.

இந்தப் பொதுவான கெர்னலைக் குறிக்கும் மெயின்லைன் என்ற சொல்லைக் கெர்னல்காரர்கள் எவ்வளவு அன்போடு உச்சரிக்கிறார்கள் என்பது இதில்தான் புரியும். உங்கள் கணினிக்கான திருத்தம் பொதுவான கெர்னலில் சேர்ந்துவிட்டால், அப்புறம் அது உங்கள் சுமை மட்டும் இல்லை. வேறு யாரோ உள்கட்டமைப்பை மாற்றும்போது உங்கள் டிரைவரையும் சேர்த்தே மாற்றிக் கொடுப்பார்கள். சேராமல் தனியாக ஒரு கிளையில் கிடந்தால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் நீங்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சிறு நிறுவனத்தில் மென்பொருளுக்கு இருப்பதே ஒன்றிரண்டு பேர். அடுத்த மாடலின் வேலை தொடங்கியதும் ஓட்டம் நின்றுவிடும்.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெமினி பிடிஏ நல்ல உதாரணம். பிளானட் கம்ப்யூட்டர்ஸ் செய்த, விசைப்பலகையோடு கூடிய கையடக்கக் கருவி. பழைய கையடக்கக் கணினியான சையான் சீரிஸ் 5இன் விசைப்பலகையை வடிவமைத்த மார்டின் ரிடிஃபோர்டே இதற்கும் கைகொடுத்தார். தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விசைப்பலகை ஓர் அபூர்வம். டெபியனும் சேல்ஃபிஷ் என்ற ஃபோன் இயங்குதளமும் அதில் ஓடின. இரண்டையும் ஓட வைக்க அன்பர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் உள்ளே இருந்தது மீடியாடெக்கின் ஃபோன் சிப், அதோடு வந்தது 3.18 கெர்னல். அந்தக் கெர்னல் வெளியானது 2014 டிசம்பரில். கருவி கைக்கு வந்தது 2018இல். டெபியன் ஏற்றினாலும் அடியில் இருப்பது ஆண்ட்ராய்டுக்கென்று சிப் நிறுவனம் கொடுத்த, மூன்று வயது தாண்டிய கெர்னல்தான். மேலே எவ்வளவு புதுச் சாயம் பூசினாலும் அஸ்திவாரம் நகரவில்லை. இந்த விஷயத்தில் நான் பிளானட்டைக் குறை சொல்ல மாட்டேன். சிப் தேர்வு செய்கிற அன்றைக்கே இந்தத் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், இயங்குதளம் எழுதுபவரைக் கூப்பிட வேண்டிய நாள் கருவி தயாரான நாள் இல்லை. எந்தச் சிப் வாங்கலாம் என்று பேசுகிற நாள்.

அந்த நாளிலேயே கூப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ப்யூரிசம் நிறுவனம் 2017இல் கூட்டுநிதி திரட்டிய லிப்ரம் 5 ஃபோனுக்கு, மெயின்லைனில் ஓடக்கூடிய என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் சிப்பைத் தேர்ந்தெடுத்தது. அது ஃபோனுக்கென்று செய்த சிப்பே இல்லை. அதனால் கருவி தடிமனானது, சூடானது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது, விலையும் கூடியது. காத்திருந்தவர்களின் பொறுமையும் சோதிக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் சம்பளம் கொடுத்து எழுத வைத்த மென்பொருள் எங்கெல்லாம் போயிற்று என்று பாருங்கள். ஃபாஷ் என்ற இடைமுகம் அங்கே பிறந்தது. பிறகு போட்டிக் கருவியான பைன்ஃபோனில் ஆயிரக்கணக்கானோர் தினமும் பார்க்கும் முகப்பாக ஆனது. சின்னத் திரைக்கும் பெரிய திரைக்கும் தானாக வளைந்து கொடுக்கும் பொத்தான்களுக்காக லிப்ஹேண்டி என்ற நிரல் நூலகத்தை எழுதினார்கள். அதிலிருந்து லிப்அத்வைதா வந்தது, 2022இல் ஜினோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் 42ஆம் பதிப்பில் செயலிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறத் தொடங்கின. இன்றைக்குப் பெரிய மேசைக்கணினியில் ஜினோம் பயன்படுத்துபவர் சாளரத்தைச் சுருக்கும்போது உள்ளடக்கம் அழகாக மடிகிறதே, அதற்கு ஒரு சின்ன ஃபோன் நிறுவனம் பணம் போட்டிருக்கிறது.

இது புதிய கதையும் அல்ல. ஷார்ப் நிறுவனத்தின் சாரஸ் என்ற கையடக்கக் கணினி 2002இல் லினக்ஸோடு விற்பனைக்கு வந்தபோது, அதன் மென்பொருளுக்கு மாற்றாக ஓபன்சாரஸ் எழுதியவர்கள் அடுத்தடுத்த கருவிகளுக்கும் ஒரே முறையில் இமேஜ் கட்ட ஓர் ஏற்பாடு வேண்டும் என்று ஓபன்எம்பெடட் என்பதைத் தொடங்கினார்கள். அதன் வழியாக ஆங்ஸ்ட்ரம் என்ற டிஸ்ட்ரோ வந்தது. 2010இல் வாங்கியவர்கள் கைக்கு வரத் தொடங்கிய பண்டோரா என்ற கையடக்க விளையாட்டுக் கணினி அதன்மேல்தான் ஓடியது. ஓபன்எம்பெடடின் வழிவந்த யோக்டோ இன்று எத்தனையோ தொழிற்சாலைப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. சாரஸ் போய்விட்டது, பண்டோராவும் போய்விட்டது.

பைன்ஃபோனைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். இந்த மாதிரிக் கூட்டணியை இவ்வளவு வெளிப்படையாக, இவ்வளவு பேரோடு சேர்ந்து முயன்றவர்கள் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

பைன்64 நிறுவனத்தின் கணக்கு இதுதான்: வன்பொருளை நாங்கள் மலிவாகச் செய்கிறோம், மென்பொருளைச் சமூகம் செய்யட்டும். ஃபோன் வருவதற்கு முன்பே டெவலப்பர்களுக்குப் போர்டுகள் போயின. 2020 ஜனவரியில் பிரேவ்ஹார்ட் என்ற முதல் தொகுதி, முழுமையான இயங்குதளம் ஏதும் இல்லாமல், துணிந்தவர்கள் மட்டும் வாங்குங்கள் என்ற எச்சரிக்கையோடு வந்தது. அதன் பிறகு சமூகப் பதிப்புகள். யூபிபோர்ட்ஸ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மஞ்சாரோ, கேடிஇ, மோபியன் என்று ஒவ்வொரு குழுவின் பெயரிலும் ஒரு பதிப்பு. பின்மூடியில் அந்தக் குழுவின் சின்னம். விலை 149 டாலர். விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் 10 டாலர் அந்தக் குழுவுக்கு.

கருவியும் அதற்கேற்ற மாதிரிச் செய்யப்பட்டிருந்தது. எஸ்டி அட்டையைச் செருகினால் முதலில் அதிலிருந்துதான் துவங்கும். அதனால் உள்ளே எதைக் கெடுத்தாலும் ஓர் அட்டையால் மீட்டுவிடலாம். பின்மூடியைக் கழற்றினால் நகக்கண் அளவில் ஆறு சுவிட்சுகள் வரிசையாக. மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா. ஆறாவது ஹெட்ஃபோனுக்கானது. அதை மாற்றி வைத்தால் ஹெட்ஃபோன் துளை சீரியல் போர்ட்டாகிவிடும். பாட்டுக் கேட்கும் அதே துளையில் ஒரு கம்பியைச் செருகி, துவக்கத்தில் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் பேசுவதை முதல் எழுத்திலிருந்து படிக்கலாம். திரை எழாத ஃபோனை வைத்துக்கொண்டு இரவெல்லாம் போராடிய யாருக்கும் அந்தத் துளையின் அருமை தெரியும். இயங்குதளம் எழுதுபவரோடு உட்கார்ந்து பேசாத ஒரு நிறுவனத்துக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

சமூகப் பதிப்புகள் 2021 தொடக்கத்தோடு முடிந்தன. அதன் பிறகு எல்லாக் கருவியிலும் மஞ்சாரோ டிஸ்ட்ரோவும் அதன்மேல் பிளாஸ்மா மொபைல் என்ற இடைமுகமும் என்று முடிவானது. வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். ஐந்து பதிப்புகளில் எதை வாங்குவது என்று குழம்ப வேண்டியதில்லை, தொழிற்சாலையிலும் ஒரே இமேஜ். ஆனால் 2022 ஆகஸ்டில், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் டெவலப்பர்களில் ஒருவரான மார்டைன் பிராம், தான் பைன்64 சமூகத்திலிருந்து விலகுவதாக எழுதினார். மற்ற டிஸ்ட்ரோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கெர்னலையும் டிரைவர்களையும் நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது, நிதியும் அதிகாரப்பூர்வ இடமும் ஒரே குழுவுக்குப் போவதைப் பற்றியது அவருடைய வருத்தம். அதில் இன்னொரு சச்சரவும் இருந்தது. பைன்ஃபோன் புரோவில் இருக்கும் சின்ன எஸ்பிஐ ஃபிளாஷ் நினைவகச் சிப்பில் ஒரு பொதுவான பூட்லோடரை வைத்துவிட்டால், எந்த டிஸ்ட்ரோவும் தனியாகப் பூட்லோடர் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அதை வைக்கலாமா, யார் பேச்சைக் கேட்டு வைப்பது என்பதில் இழுபறி. நிறுவனமும் தன் தரப்பைப் பதிலாக எழுதியது.

அந்தப் பதிவைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துப்போனது. இரண்டு பக்கமும் கெட்டவர்கள் கிடையாது. ஆனால் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். பணம் கொடுக்க வேண்டிய இடம் பின்மூடியில் சின்னம் இருக்கும் குழு மட்டும் அல்ல. கெர்னல் எழுதுபவருக்கு, மோடத்துக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டுபவருக்கு, பூட்லோடர் பராமரிப்பவருக்குப் போக வேண்டும். இந்த வேலை எந்தச் சின்னத்தின் கீழும் தெரியாது, எல்லாச் சின்னத்துக்கும் கீழே அதுதான் இருக்கும். பைன்ஃபோனின் கெர்னல் கிளையைப் பல வருடம் சுமந்தவர் ஓன்ட்ரே யிர்மன் என்ற தனி ஆள். ஆரம்பகாலப் போர்டுகளில் யுஎஸ்பி-சி வழியாக வெளித்திரை இணைக்க முடியாமல் செய்த வன்பொருள் தவறு ஒன்று இருந்தது. அடுத்த திருத்தமான 1.2ஏ போர்டில் அது சரிசெய்யப்பட்டது. இப்படிப்பட்ட தவறுகளை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தொழிற்சாலைச் சோதனை இல்லை. டிரைவர் எழுதிக்கொண்டு, ஏன் இது வேலை செய்யவில்லை என்று சுற்றுவரைபடத்தைத் திறந்து பார்க்கும் ஆள்தான். பைன்64 சுற்றுவரைபடத்தை வெளியிட்டிருந்தது. அது அவர்களுக்குப் பெரிய பெருமை.

விளையாட்டுக் கையடக்கங்களின் காலம் வந்த பிறகு படம் மாறிவிட்டது. விளையாட்டு நிறுவனமான வால்வ் 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கத்தை ஆர்ச் லினக்ஸ் அடிப்படையில் வெளியிட்டது. 2024இல் தன் கட்டமைப்புக்கே வால்வ் நிதி தருவதாக ஆர்ச் திட்டம் அறிவித்தது. அதே வருடத் தொடக்கத்தில் ஆரஞ்சு பை நிறுவனம் மஞ்சாரோவோடு சேர்ந்து நியோ என்ற கையடக்கத்தை ஃபோஸ்டெம் என்ற திறமூல மாநாட்டில் காட்டியது. வால்வ் சிறு நிறுவனம் இல்லை, அதன் கணக்கே வேறு. ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் டெக்கின் திரையும் செங்குத்தான திரைதான், 800க்கு 1280, திருப்பிப் பொருத்தியது. நான் மேலே சொன்ன அதே கெர்னல் கோப்பில் அதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. 2017இல் பெயர் நிரப்பாத மலிவுக் கணினிகளுக்காகக் கட்டிய பாதையில் அது நடந்து போனது. வால்வ் தன் பெயரை எழுதியிருந்தது, மாடல் கட்டத்தில் 'ஜூபிட்டர்' என்று போட்டிருந்தது. அதனால் தேதிப் பட்டியல் தேவைப்படவில்லை.

சிறு நிறுவனங்களின் பக்கத்துச் சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்களோடு கொஞ்சம் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. முதல் தொகுதிக்கு வாங்கிய வைஃபை சிப் இரண்டாவது தொகுதிக்குக் கிடைக்காது. சந்தையில் இருக்கும் வேறொன்றைப் போடுவார்கள். பெட்டியின் மேல் மாடல் பெயர் அதேதான், விண்டோஸில் டிரைவரை மாற்றி ஏற்றிவிடுவார்கள், வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த மாடலுக்கென்று இமேஜ் தயாரித்த டிஸ்ட்ரோக்காரருக்கு ஒரு காலையில் இருபது புகார் வரும். அவர் கையில் இருப்பது முதல் தொகுதிக் கருவி, அதில் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு வரி மின்னஞ்சல் முன்கூட்டி வந்திருந்தால் போதும்: அடுத்த மாதத்திலிருந்து இந்தச் சிப், மாதிரி ஒன்றை அனுப்புகிறோம். அந்த ஒரு வரியை எழுதுவது நிறுவனத்தில் யாருடைய வேலையும் இல்லை. அங்கே கொள்முதல் செய்பவருக்கு இப்படி ஒரு டெவலப்பர் எங்கோ இருக்கிறார் என்பதே தெரியாது.

கெர்னல் மூலநிரலைக் கொடுப்பதும் அப்படித்தான். லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமப்படி கொடுத்தாக வேண்டும். கேட்டால் ஒரு பெரிய ஜிப் கோப்பு வரும். எந்தக் கெர்னலிலிருந்து கிளம்பினார்கள், எதை ஏன் மாற்றினார்கள் என்ற வரலாறு எதுவும் இருக்காது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் இவர்கள் தொட்டது முப்பதாக இருக்கலாம். அந்த முப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் வார இறுதி போய்விடும்.

இனி என் கணினிக்கு வருகிறேன். நிறுவனத்துக்கு எழுதினேன். பெயரைச் சொல்ல வேண்டாம், சின்ன நிறுவனம். மூன்றாவது நாள் பணிவான பதில் வந்தது, விண்டோஸ் டிரைவர்கள் இருக்கும் கோப்புக்கான இணைப்போடு. இல்லை ஐயா, எனக்கு வேண்டியது பயாஸில் உங்கள் பெயர் என்று மறுபடி எழுதினேன். அந்தக் கட்டங்களைப் படமெடுத்து, எங்கே எதை எழுத வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அப்புறம் கெர்னலுக்கே ஒரு பேட்ச், அதாவது சின்னத் திருத்தம், எழுதினேன். எட்டு ஒன்பது வரிதான். போர்டு பதிப்பு என்ற கட்டத்தில் மட்டும் ஏதோ ஓர் எண் இருந்தது. அதையும் திரை அளவையும் பயாஸ் தேதியையும் சேர்த்து அடையாளம் அமைத்தேன். பார்த்துச் சொன்ன பராமரிப்பாளர் ஒரே கேள்வி கேட்டார்: இதே போர்டை வேறு யாராவது வேறு கணினியில் போட்டு, திரையை நேராகப் பொருத்தியிருந்தால், உங்கள் பேட்ச் அவர்களுடைய திரையைச் சாய்த்துவிடாதா? டிஎம்ஐயின் முழு வெளியீட்டையும் அனுப்புங்கள் என்றார். எனக்கு உறைத்தது அப்போதுதான். பெயர் நிரப்பாமல் விட்ட அலட்சியம் என்னைப் போன்ற ஒருவரின் இரவை மட்டும் கெடுப்பதில்லை. முன்பின் தெரியாத இன்னொருவரின் கணினியையும் சாய்க்கக்கூடியது. முழு வெளியீட்டை அனுப்பினேன். இன்னொரு அடையாளமும் சேர்த்து இறுக்கச் சொன்னார். மூன்றாவது முறை எழுதியது ஏற்கப்பட்டது. நான் பயன்படுத்தும் டிஸ்ட்ரோவுக்கு அது வந்து சேர மாதங்கள் ஆயின.

வந்த அன்று மாலை கணினியை மேசையில் நேராக வைத்துப் பவர் பொத்தானை அழுத்தினேன். முதல் வரி இடமிருந்து வலமாக, கிடைமட்டமாக வந்தது. அடுத்த வரி அதன் கீழே. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

அதே நிறுவனத்தின் அடுத்த மாடலை ஒருவர் போன மாதம் வாங்கியிருந்தார். திரை சாய்ந்திருக்கிறது, என்ன செய்வது என்று எனக்கு எழுதினார். டிஎம்ஐடிகோடு ஓட்டி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். தயாரிப்பாளர் கட்டத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. மாடல் கட்டத்தில் மாடலின் பெயர் இருந்தது, அதற்குப் பின்னால் தேவையில்லாத ஓர் இடைவெளியோடு. அந்த இடைவெளியையும் சேர்த்தே பேட்சில் எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லி, என் பழைய பேட்சையும் மாதிரிக்கு அனுப்பி வைத்தேன்.